போதைக்கு முன்பே விழுந்த அடி

1980-களில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் எடைக்குறைப்பு சிகிச்சை நடத்திவந்தார் மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி. நன்றாக எடை குறைந்துவந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். உட்காரவைத்து விசாரித்தார். அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள்.

பிறகு அவரும் ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவும் 17,000-க்கும் அதிகமானோரிடம் கேட்டார்கள்: வீட்டில் அடி விழுந்ததா, குடிக்கு அடிமையானவர் இருந்தாரா, பெற்றோர் பிரிந்தார்களா? பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் படித்த, மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தார். இத்தகைய துயரங்களில் ஐந்தோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடப் போதைமருந்துச் சிக்கல் 7 முதல் 10 மடங்கு அதிகம் என்றது 2003-ல் வந்த அறிக்கை.

பழைய துயரம் உடம்புக்குள் எப்படித் தங்குகிறது? விடையில் ஒரு பகுதி கிடைத்தது, மான்ட்ரியலில் ஆய்வாளர் மைக்கேல் மீனியின் எலிக்கூண்டுகளில். குட்டி பிறந்த முதல் வாரத்தில் தாய் எலி அதை நக்கிச் சீராட்டும். சில தாய்கள் ஓயாமல் நக்கும். சில ஏனோதானோ என்று விட்டுவிடும். நன்றாகச் சீராட்டப்பட்டவை வளர்ந்தபின், மிரண்டாலும் சீக்கிரம் அடங்கின. மற்றவற்றின் மூளையில் பதற்றச் சுரப்பை அணைக்க உதவும் ஏற்பிகள் குறைவு. அந்த ஏற்பிக்கான மரபணு மீத்தைல் என்னும் வேதிப்பூட்டுப் போட்டு அடக்கப்பட்டிருந்தது. பிறவிக் குறை என்று தள்ளிவிட முடியாது. குட்டிகளை இடம் மாற்றியபோது, ஏனோதானோ தாய்க்குப் பிறந்ததும் சீராட்டும் தாயிடம் அமைதியாகவே வளர்ந்தது.

அணையாத பதற்றத்தோடு வளரும் மூளைக்கு, அபின் வகை மருந்துகள் தரும் இதம் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடப் பெரியதாக இருக்கலாம். அரவணைப்பில் மூளை தானே சுரக்கும் எண்டார்பினின் இடத்தில்தான் அந்த மருந்தும் போய் அமர்கிறது. துயரப்பட்ட குழந்தைகள் எல்லோரும் அடிமையாவதில்லை, உண்மைதான். ஆனால், அடிமையானவரைச் சிறையில் தள்ளி அவமானப்படுத்துவது, அவரைப் போதைக்குக் கொண்டுபோன பதற்றத்தையே கூட்டுகிறது. இதை மருத்துவம் என்றோ நீதி என்றோ என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

செலவழிக்க வேண்டிய இடம் வேறு. நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் 1970-களின் கடைசியில் செவிலியர்கள் கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போனார்கள். குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 15 வயதானபோது, திருமணமாகாத ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளிடம், செவிலியர் போகாத அதே நிலைத் தாய்மாரின் பிள்ளைகளைவிடக் குடியும் சிகரெட்டும் குறைந்திருந்தன.