பெருங்குடலுக்குச் சாப்பாடு போய்ச் சேருகிறதா?

அந்த டப்பாவை இப்படிக் கொடுங்கள், அக்கா. ஒரு கேப்ஸ்யூலில் 5,000 கோடி நல்ல கிருமிகள் என்று போட்டிருக்கிறது. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் உங்கள் வயிற்றுக்குள் ஏற்கெனவே குடியிருப்பவை எவ்வளவு தெரியுமா? இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-ல் போட்ட கணக்குப்படி, சராசரி மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அநேகமாக எல்லாமே பெருங்குடலில்தான். எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் 200 கிராம் தேறும். இந்த கேப்ஸ்யூலில் இருப்பது அதில் எழுநூறில் ஒரு பங்குகூட இல்லை.

வாங்க வேண்டாம் என்று இப்போதே சொல்லவில்லை. டீயைக் குடியுங்கள், அந்த 38 லட்சம் கோடிப் பேருக்கு நாம் என்ன சாப்பிடக் கொடுக்கிறோம் என்பதை முதலில் பேசிவிடுவோம். என்னைக் கேட்டால் வயிற்று நலத்தில் முக்கால்வாசிப் பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும். கடைகளிலும் விளம்பரங்களிலும் அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

நாம் சாப்பிடும் வெள்ளைச் சோறு, சர்க்கரை, மைதா எல்லாம் சிறுகுடலிலேயே கரைந்து ரத்தத்தில் கலந்துவிடும். சிறுகுடல் ஆறு மீட்டர் நீளம். அதைத் தாண்டிப் பெருங்குடலுக்கு வந்து சேருவது, நம் உடலால் செரிக்க முடியாத மிச்சம் மட்டும்தான்: கீரையின் நார், பயறின் தோல், வாழைத்தண்டின் இழை, மாவுச்சத்திலேயே கரையாமல் தப்பி வரும் ஒரு பகுதி. நமக்குப் பயன்படாத இந்த மிச்சம்தான் அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவு. அவை அதைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றில் பியூட்டிரேட் என்று ஒன்று இருக்கிறது. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. ஆக, நார் இல்லாத சாப்பாடு சாப்பிட்டால் பட்டினி கிடப்பது கிருமிகள் மட்டுமில்லை, குடலின் சுவரும்தான்.

பட்டினி போட்டால் என்ன ஆகும் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். 2016-ல் வெளிவந்த ஆய்வு அது. நாரே இல்லாத தீனி கொடுத்தபோது, குடலில் இருந்த பாக்டீரியாக்கள் சுவரின்மேல் படிந்திருக்கும் சளிப்படலத்தைத் தின்ன ஆரம்பித்தன. அந்தப் படலம்தான் குடலுக்குக் கவசம். அது மெலிந்ததும் நோய்க்கிருமி எளிதாக உள்ளே நுழைந்தது. எலிக்கு நடந்ததெல்லாம் அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் அப்பளமுமாகச் சாப்பிடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது.

நம் ஊர்க்கதை ஒன்று சொல்கிறேன். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தால் பெருமைப்படுவார்கள். காலராவில் உடம்பின் நீரெல்லாம் வெளியேறிவிடும். உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் சிறுகுடல் வழியாக நீரை உள்ளே இழுத்து உயிரைக் காப்பாற்றும். ஆனால் வயிற்றுப்போக்கு நிற்க நாளாகும். பெருங்குடலுக்கும் நீரை உறிஞ்சும் சக்தி நிறைய இருக்கிறதே, அதை ஏன் வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் யோசித்தார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒரு வகைச் சோள மாவை, லிட்டருக்கு 50 கிராம் என்ற அளவில் ஓ.ஆர்.எஸ்.ஸில் கலந்து கொடுத்தார்கள். அந்த மாவு பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த பாக்டீரியாக்கள் அதை அமிலங்களாக மாற்றின. அந்த அமிலங்களை உறிஞ்சும்போது பெருங்குடல் உப்பையும் நீரையும் சேர்த்தே உள்ளே இழுத்தது. காலரா கண்ட 48 பேரிடம் நடந்த ஆய்வு. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் போக்கு நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது, இந்தக் கரைசல் குடித்தவர்களுக்கு 57 மணி நேரம்தான். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வெளிவந்தது. வெளியிலிருந்து ஒரு கிருமியைக்கூட உள்ளே அனுப்பவில்லை, கவனித்தீர்களா? இருப்பவற்றுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

"அப்ப பழைய சோறும் அதைத்தானே செய்யும்?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். செய்யும், ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற அளவுக்கு இல்லை. சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகி, செரிக்காத வகையாக மாறுகிறது. இந்தோனேசியாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சூடாக வடித்த 100 கிராம் சோற்றில் 0.64 கிராம், பத்து மணி நேரம் வெளியில் ஆறவிட்டதில் 1.30 கிராம், ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துத் திரும்பச் சூடாக்கியதில் 1.65 கிராம். இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது என்பது சரிதான். ஆனாலும் ஒன்றரை கிராம் ஒன்றரை கிராம்தான். அதே 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 7 கிராமுக்கு மேல் நார் இருக்கிறது. ஒரு கொய்யாப்பழம் கடித்தாலே 5 கிராம் கிடைத்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளைச் சோற்றை மட்டும் நம்பினால், எத்தனை தட்டு சாப்பிட்டாலும் அந்த அளவைத் தொட முடியாது.

பழைய சோற்றில் எனக்குப் பிடித்தது வேறு விஷயம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதில் பெருகுகின்றன. காலையில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தால் உயிருள்ள பாக்டீரியாவும் உள்ளே போகிறது, அதற்குப் பிடித்த உணவும் வெங்காயத்தின் நாராகக் கூடவே போகிறது. ஒன்று மட்டும் கவனம். வடித்த சோற்றை மத்தியானத்திலிருந்து வெறுமனே வெளியில் போட்டுவைத்து ராத்திரியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆறிய சோற்றில் பெருகும் ஒரு வகை பாக்டீரியா விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சித்திரை வெயிலில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஆறியதும் சுத்தமான தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கொழகொழவென்றிருந்தாலோ துர்நாற்றம் வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இட்லியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாவு புளிப்பதற்கு நல்ல பாக்டீரியாக்கள்தான் காரணம். ஆனால் ஆவியில் வெந்ததும் அவை செத்துவிடுகின்றன. புளித்ததால் செரிமானமும் சத்தும் கூடியிருக்கும், அது நிஜம். உயிருள்ள கிருமி வேண்டுமென்றால் இட்லியில் கிடைக்காது, பழைய சோற்றிலும் தயிரிலும் மோரிலும்தான் கிடைக்கும். கொதிக்கவிட்ட மோர்க்குழம்பும் அந்தக் கணக்கில் சேராது. வீட்டில் உறைகுத்திய தயிரைக் கடைந்து, அப்படியே மோராகக் குடிப்பதுதான் நல்லது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்குக்கூடத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பாலில் இருக்கும் லாக்டோஸில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்களே தின்றுவிட்டிருக்கும்.

ஸ்டான்ஃபோர்டில் 2021-ல் ஒரு சோதனை வெளிவந்தது. 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நார் நிறைந்த உணவு, மறுபாதிக்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகள், பத்து வாரம். புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின, உடலின் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. நார் கூட்டியவர்களிடம் அந்தக் காலத்துக்குள் வகைகள் கூடவில்லை. பலருக்கு இது ஆச்சரியம். நாரே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பல வருஷம் நார் காணாத குடலில் அதைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாக்களே குறைந்துபோயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வேண்டும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். சுண்டலும் மோரும் ஒரே தட்டில் சேர்வது நமக்கொன்றும் புதிதில்லை.

இப்போது உங்கள் டப்பாவுக்கு வருவோம். கேப்ஸ்யூலில் வரும் கிருமிகள் சத்திரத்தில் தங்கிப் போகிறவர்களைப் போல. வருவார்கள், இருக்கிற வரைக்கும் சில நல்ல காரியம் செய்வார்கள், நிறுத்தினால் கொஞ்ச நாளில் போய்விடுவார்கள். நிரந்தரமாகக் குடியேறுவது அபூர்வம். அதனால் "எதற்காக, எத்தனை நாளைக்கு" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பொதுவாக வயிற்றுக்கு நல்லது என்று மாதக்கணக்கில் விழுங்குவதற்கு ஆதாரம் மிகக் குறைவு. அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர்களின் சங்கம் 2020-ல் ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கு வரும் ஒரு குறிப்பிட்ட குடல் தொற்றைத் தடுப்பது போன்ற சில இடங்களில் மட்டும், அதுவும் குறிப்பிட்ட வகைகளை மட்டும் பரிந்துரைத்தது. மற்றப் பெரும்பாலான வயிற்று நோய்களுக்குப் பரிந்துரைக்கவில்லை. டப்பாவில் கிருமியின் முழுப்பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு வகை செய்யும் வேலையை அதன் ஒன்றுவிட்ட தம்பி செய்யாது.

ஆன்டிபயாடிக் முடித்த பிறகு இதைப் போட்டால் வயிறு சீக்கிரம் பழைய நிலைக்கு வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அதே வைஸ்மன் நிறுவனம் 2018-ல் சோதித்துப் பார்த்ததில் நேர்மாறாக இருந்தது. கேப்ஸ்யூல் எடுத்தவர்களுக்கு அவர்களுடைய சொந்த பாக்டீரியாக்கள் திரும்பி வரத் தாமதமானது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் காய்ச்சலுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டு, கூடவே இதையும் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்ற தைரியம் வேண்டாம். ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க மருத்துவர் சில நேரம் சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட்டை எழுதித் தருவார். அது ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும், ரத்தக்குழாயில் மருந்துக் குழாய் பொருத்தியிருப்பவர்களுக்கும் இந்த "நல்ல கிருமியே" ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம். கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மருந்துக்கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான் இசப்கோல் உமியைச் சொல்வேன். மலச்சிக்கலிலும் உதவும், இளகிப் போவதிலும் உதவும். நீரை உறிஞ்சிக் கூழாகிவிடுவதால் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஒரு டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இன்னொன்று, தினமும் காலையில் வெறும் வயிற்றில் போடுகிற அந்த "கேஸ் மாத்திரை". யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்தது, வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். வயிற்று அமிலம் கிருமிகளுக்கு ஒரு காவல். அதை நீண்ட நாள் அடக்கிவைத்தால் குடல் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. சிலருக்கு அது கண்டிப்பாகத் தேவை, அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்னும் வேண்டுமா என்று மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள்.

நாரைக் கூட்டப் போகிறீர்கள் என்றால் மெல்லப் போங்கள். நாளைக்கே மூன்று வேளையும் பயறு என்று ஆரம்பித்தால் வயிறு உப்பி, இரண்டே நாளில் வெறுத்துவிடும். பாக்டீரியா நாரைத் தின்னும்போது வாயு வருவது இயல்பு. வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டினால் குடல் பழகிவிடும். பயறை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும். அப்படியும் வெங்காயம், பூண்டு, பயறு எதைத் தொட்டாலும் வலியும் உப்புசமுமாக இருக்கிறவர்களுக்கு, மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான உணவு முறை ஒன்று இருக்கிறது. சில வாரம் இவற்றை விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது. உணவியல் நிபுணர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது அது. விலக்கியதோடு நிறுத்திவிட்டால் பாக்டீரியாக்கள் பட்டினிதான்.

எதைச் சாப்பிட்டாலும் சரியாகாத சில இருக்கின்றன. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, சோகை, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாக மாறிய மலப்போக்கு, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மோரோ கேப்ஸ்யூலோ போட்டுப் பார்த்துக்கொண்டு மாதத்தை ஓட்ட வேண்டாம். மூலமாக இருக்கும் என்று வெட்கப்பட்டு மறைத்து, காலம் கடந்து வருகிறவர்கள் நிறையப் பேர். மருத்துவரிடம் போய், கொலோனோஸ்கோப்பி வேண்டுமா என்று நேரடியாகவே கேளுங்கள்.