காற்றைத் தைக்கும் கை

2020 மார்ச் 26 முதல் ஹவாய்த் தீவுகளுக்குக் கடல் கடந்து விமானத்தில் வந்து இறங்கிய எவரும் 14 நாள் தனிமையில் இருந்தாக வேண்டியிருந்தது. சுற்றுலா வந்தவர்களுக்கு விடுதி அறை, ஊர் திரும்பியவர்களுக்குச் சொந்த வீடு. மருத்துவத் தேவை தவிர வேறெதற்கும் வாசலைத் தாண்டக் கூடாது. மளிகைச் சாமானைக்கூட யாராவது வாங்கிவந்து கதவருகே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஏன் 14 நாள்? கொரோனா கிருமி உடலுக்குள் புகுந்து எத்தனை நாளில் அறிகுறி தெரிகிறது என்று அதே மார்ச்சில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 181 நோயாளிகளின் விவரங்களை வைத்துக் கணக்கிட்டுச் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சுமார் ஐந்து நாளில் தெரிந்துவிடுகிறது. அறிகுறி வரப்போகிறவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் பதினொன்றரை நாளுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு வாரம் காத்திருந்தால் கண்ணுக்குத் தப்புகிறவர்கள் மிகமிகக் குறைவு. கிருமியை நிறுத்த வேண்டுமானால் மனிதர் அசையாமல் இருக்க வேண்டும். அந்தக் கணக்கின் சாரம் இவ்வளவுதான்.

அசையாமல் உட்கார்ந்தால் மட்டுமே நடக்கிற ஒரு கைவேலை அந்தத் தீவுகளில் உண்டு. குவில்ட் தைப்பது. மேல்துணி ஒன்று, அடித்துணி ஒன்று, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. மூன்றையும் ஊடுருவிச் சின்னச் சின்னதாக ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போனால் போர்வையாகும். உலகில் பல ஊர்களில் இதைச் செய்கிறார்கள். ஹவாயில் செய்கிற விதத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு.

அங்கே துண்டுத்துணிகளை ஒட்டுவதில்லை. படுக்கை அகலத்துக்கு ஒரே துணியை எடுத்து, இரண்டாக மடித்து, நான்காக மடித்து, மூலைவிட்டத்தில் இன்னொரு முறை மடித்து, எட்டு அடுக்கு முக்கோணமாக்கி, கத்தரியால் ஒரு முறை வெட்டுகிறார்கள். பிரித்தால் ஈரப்பலா இலையோ அன்னாசியோ பூங்கொத்தோ நடுவிலிருந்து எட்டுத் திசையிலும் விரிகிறது. இதில் நல்ல கணிதம் இருக்கிறது. ஒரு சதுரத்தை அதன் தோற்றம் மாறாமல் வைக்க எட்டு வழிதான் உண்டு: சும்மா வைப்பதையும் சேர்த்து நான்கு சுழற்சி, நான்கு கண்ணாடிப் பிரதிபலிப்பு. மூன்று மடிப்பில் கிடைக்கும் எட்டு அடுக்கு அந்த எட்டையும் ஒரே வெட்டில் பிடித்துவிடுகிறது. நான்காவதாக ஒரு மடிப்புப் போட்டால் துணி தடித்துக் கத்தரி வழுக்கும். சதுரத்தின் சமச்சீருக்கும் அது தேவையில்லை.

வெட்டிய வடிவத்தை வேறு நிறத் துணிமேல் வைத்து, ஓரத்தை ஊசிமுனையால் உள்ளே மடித்து மடித்துத் தைத்து முடித்த பிறகே பஞ்சு உள்ளே போகிறது.

இந்த வேலை தீவுக்கு வந்த கதையும் கப்பல் கதைதான். 1819 அக்டோபரில் போஸ்டனிலிருந்து கிளம்பிய தாடியஸ் என்ற பாய்மரக் கப்பல், அமெரிக்கக் கிறித்தவ ஊழியர்களை ஏற்றிக்கொண்டு ஐந்து மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து ஹவாய் வந்து சேர்ந்தது. 1820 ஏப்ரல் 3 அன்று அதன் மேல்தளத்தில் அரச குலப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, ஊழியர்களின் மனைவிமாரிடம் ஊசி பிடிக்கக் கற்றார்கள். முழுத்துணியைத் துண்டுதுண்டாக வெட்டி மறுபடி ஒன்றாகத் தைப்பது அவர்களுக்கு வீண் வேலையாகப் பட்டது என்று தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். நியாயமான எண்ணம். அமெரிக்க வீடுகளில் மிச்சத்துணி மூட்டைமூட்டையாகக் கிடந்தது; தீவில் மிச்சமே இல்லை.

அடுக்கிப் போர்த்துவது அவர்களுக்குப் புதிதும் இல்லை. காகித முசுக்கொட்டை மரத்தின் உட்பட்டையை ஊறவைத்து அடித்து மெல்லிய தாளாக்கி, அப்படிப் பல தாள்களை ஒரு ஓரத்தில் சேர்த்துத் தைத்த ‘கப்பா’ போர்வையைத்தான் அவர்கள் அதுவரை போர்த்தினார்கள். மேல்தாளில் மட்டும் சித்திரம் இருக்கும். குளிர் கூடினால் இன்னொரு தாள், குறைந்தால் ஒன்றை விலக்கலாம். வெப்பமண்டலத் தீவில் போர்வை எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தீவுகளில் 4,207 மீட்டர் உயர மௌனா கியா மலை நிற்கிறது. அதன் உச்சியில் பனி விழுகிறது. மலைச்சரிவு ஊர்களின் இரவு நன்றாகவே குளிரும்.

அதே கடல்வழியில்தான் நோயும் வந்தது. ஹவாயின் அரசரும் அரசியும் 1824இல் லண்டன் போன இடத்தில் தட்டம்மை கண்டு இறந்தார்கள். 1848இல் தட்டம்மை தீவுக்கே வந்தது, 1853இல் பெரியம்மை. அதற்கு முன் அந்தக் கிருமிகளைக் கண்டிராத உடல்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. வெளியிலிருந்து வருகிறவரைச் சில நாள் தள்ளி வைப்பதன் அருமை தெரிந்த மண் அது. 2020 ஆணையை வெறும் அதிகாரிகளின் கெடுபிடியாக நான் பார்க்காததற்கு இதுவே காரணம்.

இனிப் போர்வைக்குள் போவோம். நம்மைக் கதகதப்பாக வைப்பது பஞ்சு என்று நினைக்கிறோம். பெரும்பங்கு காற்றுக்குரியது. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீரைவிட இருபது மடங்குக்கு மேல் மந்தம். ஆனால் காற்று சும்மா இருக்காது. உடல் சூட்டில் இலேசாகி மேலே போகும், குளிர்ந்தது அந்த இடத்துக்கு வரும், சூடு கையோடு போய்விடும். பஞ்சிழைகள் காற்றை நுண்ணிய அறைகளாகப் பிரித்து அசையவிடாமல் பிடிக்கின்றன. பஞ்சையோ தையல் பிடிக்கிறது. தைக்காத போர்வையில் பஞ்சு நாலு சலவையில் மூலைக்கு ஓடித் திரண்டுவிடும். அதற்காக நெருக்கிக்கொண்டே போகவும் முடியாது. தையல் விழும் இடத்தில் பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறி, அந்தக் கோட்டில் சூடு கசியும். சூட்டுக்கும் உறுதிக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு கோட்டிலும் தைப்பவர் கைதான் தீர்மானிக்கிறது.

ஊசியைப் பாருங்கள். குவில்ட் தைப்பவர்கள் வைத்திருப்பது மூன்று சென்டிமீட்டருக்கும் குட்டையான ஊசி. புதிதாகக் கற்பவர் நீள ஊசியைத்தான் தேடுவார், பிடிக்க வசதி என்று. ஒரே தடிமனுள்ள கம்பியில் ஒரே விசை கொடுத்தால், வளைவு நீளத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். மூன்று அடுக்கைக் குத்தி இறங்கி, நுனியை உடனே மேலே திருப்ப இந்த விறைப்பு வேண்டும். நடுவிரலில் மாட்டிய திம்பிள் என்ற விரலுறை ஊசியின் காதைத் தள்ள, துணிக்கு அடியில் இருக்கும் கை நுனி எட்டிப் பார்த்த கணமே அதை மேலே நெம்பிவிடுகிறது. தொட்டில் ஆட்டுவதுபோல ஊசி முன்னும் பின்னும் சாய்கிறது. அடிக்கை விரலுக்குக் கண் தேவையில்லை. ஒரு வாரத்தில் அந்த விரல்நுனி காய்த்துப்போகும்.

அடுத்து முடிச்சு. நூல்நுனியில் சின்னதாக ஒன்று போட்டு, மேல்துணிக்குள் நுழைத்துச் சுண்டி இழுப்பார்கள். ‘டப்’பென்று ஒரு மெல்லிய ஓசை, முடிச்சு பஞ்சுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இவ்வளவு சின்ன முடிச்சா இத்தனை ஆண்டு போர்வையைக் காக்கிறது? இல்லை. காப்பது உராய்வு.

துறைமுகத்தில் கப்பல் கயிற்றை இரும்புக் குற்றியில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே ஆள் பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வு எண் 0.3 என்று வைத்தால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஆறரை மடங்கு. ஐந்து சுற்றில் 12,000 மடங்குக்கு மேல். கணித மேதை ஆய்லரின் பெயரால் வழங்கும் சமன்பாடு சொல்வது இது. ஓட்டுத் தையலில் நூல் கீழே இறங்கி, அடியில் ஓடி, மேலே ஏறி, மறுபடி மேற்பரப்பில் ஓடுகிறது. ஒரு தையலுக்கு நான்கு திருப்பம். ஒவ்வொன்றும் செங்கோணமாக இருந்தால் சேர்ந்து ஒரு முழுச் சுற்று. கையில் தைக்கும்போது திருப்பம் கொஞ்சம் சாய்வாகத்தான் விழும். அப்படியும் பத்துப் பதினைந்து தையல் தாண்டிவிட்டால் நூலை உருவ முடியாது, அறுக்கத்தான் முடியும்.

நூலே அப்படிப்பட்டதுதான். பருத்தி இழையின் நீளம் மூன்று சென்டிமீட்டர் அளவே. அவ்வளவு குட்டை இழைகள் சேர்ந்து மீட்டர்க்கணக்கில் நூலாகி எப்படி இழுவையைத் தாங்குகின்றன? கயிற்றை வைத்து இதே கேள்வியை 1638இல் வெளிவந்த தன் நூலில் கலிலியோ எழுப்பினார். முறுக்கும் உராய்வும் இழுவையை ஓர் இழையிலிருந்து அடுத்ததற்கு எவ்வாறு கைமாற்றுகின்றன என்று 2018இல்கூட பிரிட்டன் இயற்பியலாளர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நம் சட்டை ஏன் பிரிந்து விழவில்லை என்பது அவ்வளவு ஆழமான கேள்வி.

பிசின் தடவி ஒட்டினால் வேலை சுலபம்தானே? சுலபம்தான், ஆனால் போர்வை அட்டையாகிவிடும். மூன்று சம அடுக்கை ஒட்டினால் வளைக்கும்போது ஓர் அடுக்கைப்போல 27 மடங்கு விறைக்கும். ஒன்றன்மேல் ஒன்று வழுக்க விட்டால் மூன்று மடங்குதான். தையல் புள்ளிகளில் மட்டும் பிடித்து, இடையில் வழுக்க விடுகிறது. தோளில் போட்டால் போர்வை குழைந்து விழுவது அதனால்தான்.

தனிமை நாட்களில் இதை எடுத்தவருக்கு எவ்வளவு வேலை? ஹவாய் முறையில் இலையின் வெளிக்கோட்டை ஒட்டி, ஏறக்குறைய ஒரு விரல் அகலம் விட்டு அடுத்த கோடு, அதற்கடுத்து இன்னொன்று என்று ஓரம்வரை அலை போலத் தைத்துக்கொண்டே போவார்கள். கோட்டின் மொத்த நீளம் எளிது: பரப்பை இடைவெளியால் வகுத்தால் போதும். 50 சென்டிமீட்டர் சதுரத் திண்டு உறை, 1.25 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 20 மீட்டர். சென்டிமீட்டருக்கு மூன்று தையலாக 6,000 தையல். ஒரு தையலுக்கு ஐந்து நொடி வைத்தால் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வெட்டி ஒட்டித் தைக்கிற வேலையையும் சேர்த்தால் 14 நாளுக்குள் நிதானமாக முடியும். இரண்டரை மீட்டர் சதுரக் கட்டில் போர்வைக்கோ 500 மீட்டர், 1,50,000 தையல், ஊசி ஓடும் நேரமே 200 மணிக்கு மேல். அது இரண்டு வாரக் காரியமல்ல; பெரிய போர்வைகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தைக்கிறார்கள்.

அந்த அலைக்கோடுகளை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். இலையின் கூர்நுனிக்கு வெளியே போகப்போகக் கோடு மழுங்கி வட்டமாகிறது. இலைகளுக்கு இடையிலுள்ள பள்ளமோ கூர்மையாகவே தொடர்கிறது. குளத்தில் பரவும் அலைமுகமும் இதே விதிப்படிதான் நடக்கிறது. இதை யாரும் கணக்குப் போட்டுத் தைக்கவில்லை. முந்தைய கோட்டுக்குச் சம தூரம் என்று விரல் அளந்ததில் தானாக வந்தது.

அடைபட்ட நாட்களில் ஊசியெடுத்தவர்களில் ஹவாய் மறக்காத ஒருவர் உண்டு. கடைசி அரசி லிலியுஓகலானி. 1893இல் ஆட்சி பறிக்கப்பட்டு, 1895 ஜனவரியில் கைதாகி, ஹொனலுலுவில் தன் சொந்த இயோலானி அரண்மனையின் மாடி அறை ஒன்றிலேயே சுமார் எட்டு மாதம் சிறையிருந்தார். உடன் ஒரு தோழி மட்டும். ஒரே துணியை வெட்டும் ஹவாய் முறையில் அல்லாமல், ஒழுங்கற்ற பட்டுத் துண்டுகளை இணைத்து, அதன்மேல் பெயர்களையும் நாட்களையும் ஹவாய்க் கொடிகளையும் நூலால் எழுதி, ஒன்பது கட்டங்களாக ஒரு குவில்ட் அங்கே தொடங்கியது. அந்த அறையில் இப்போது அதைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைத்திருக்கிறார்கள்.