கியர் ஏன் இறுகுகிறது?

சிட்னியிலும் மெல்பர்னிலும் பழகுநர் உரிமத்தில் ஓட்டுபவர்களுக்குப் பொதுவாக 660 சிசி வரைதான் அனுமதி. அதனால் நிஞ்ஜா 300, ஆர்3 போன்ற பைக்குகள் அடிக்கடி கைமாறுகின்றன. அப்படி வாங்கியதில் கியர் இறுகினால் உடனே கியர்பாக்ஸைப் பிரிக்காதீர்கள். முதலில் கிளட்சைப் பாருங்கள்.

லீவரை முழுதாகப் பிடித்தும் கிளட்ச் தட்டுகள் பிரியாவிட்டால், எஞ்சினின் விசை கியர் பற்களை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் அவை விலகி நகர்வது கடினம். எஞ்சினை அணைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தபடி கியரை மாற்றிப் பாருங்கள். இப்போது இலகுவாக விழுந்தால் கோளாறு பெரும்பாலும் கிளட்சில்தான். கேபிள் தளர்வைக் கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆயில் பழையதென்றால் மாற்றுங்கள். புது ஆயிலில் ஜாசோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்ற தர அடையாளம்) முத்திரை அவசியம். மெல்பர்னின் குளிர்காலக் காலையில் கெட்டியான ஆயில் தட்டுகளை இன்னும் ஒட்டவைக்கும்.

எஞ்சினை அணைத்தும் கியர் இறுகினால் கியர் பெடல் இணைப்பைப் பாருங்கள். வளைந்திருந்தால், வண்டி எப்போதோ விழுந்திருக்கலாம்; விற்றவரிடம் கேளுங்கள்.