மிதிவண்டிக் காலுறை

மிதிவண்டிக் காலுறை என்பது மிதிவண்டி ஓட்டுவோருக்கெனத் தனியே வடிவமைக்கப்படும் காலுறை ஆகும். இது சாதாரணக் காலுறையை விட மெல்லியதாகவும் பாதத்தோடு இறுகப் பொருந்துவதாகவும் இருக்கும். பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளாலோ மெரினோ கம்பளியாலோ பின்னப்படுகிறது. இதன் விலை சாதாரணக் காலுறையின் விலையைப் போலப் பல மடங்காக இருக்கக்கூடும். எனவே இக்கூடுதல் விலைக்கு ஏற்ற பயன் உண்டா என்னும் கேள்வி புதிதாக மிதிவண்டிப் பயிற்சியில் இறங்குவோரிடம் இயல்பாக எழுகிறது. இதன் நன்மைகளில் பெரும்பகுதி இழை, பின்னல், பொருத்தம் ஆகியவற்றாலேயே கிடைக்கிறது. இவை விலை குறைந்த பிற விளையாட்டுக் காலுறைகளிலும் அமையக்கூடியவை.

மிதிக்கும்போது பாதத்தின் நிலை

நடக்கும்போதும் ஓடும்போதும் ஒவ்வோர் அடியிலும் குதிகால் அல்லது முன்பாதம் தரையில் மோதுகிறது. ஆகவே ஓட்டக்காரர்களின் காலுறைகளில் அடிப்பகுதி தடிப்பாக அமைக்கப்படுவது உண்டு. மிதிவண்டியில் உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்குகிறது. தரை மோதலும் இல்லை. மாறாக, விரல்களுக்குப் பின்னால் உள்ள முன்பாதப் பகுதி வழியாக மிதிகட்டைக்கு விசை செலுத்தப்படுகிறது. நிமிடத்திற்கு 90 சுற்றுகள் மிதிக்கும் ஒருவர், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலாலும் 5,400 முறை ஒரே இடத்தில் அழுத்தம் தருகிறார்.

பந்தயக் காலணிகள் விறைப்பான அடிப்பகுதியும் இறுக்கமான உட்புறமும் கொண்டவை. அவற்றினுள் தடித்த காலுறை அணிந்தால் இடம் குறைந்து நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அழுத்தப்படும். இதனால் விரல்கள் மரத்துப்போதலும் முன்பாதத்தில் எரிச்சலும் ஏற்படலாம். மிதிவண்டிக் காலுறை மெல்லியதாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

இழைகள்

வியர்வையைக் கையாளும் முறையில் இழைகளிடையே பெரும் வேறுபாடு உண்டு. ஓர் இழை 20 பாகை செல்சியசு வெப்பநிலையிலும் 65% ஈரப்பதத்திலும் தன் உலர் எடையில் எத்தனை விழுக்காடு நீரைக் காற்றிலிருந்து ஏற்கிறது என்பது அதன் ஈரமேற்பு அளவு எனப்படும். இதன் தோராய மதிப்புகள் பின்வருமாறு:

* கம்பளி - 16%
* பருத்தி - 8.5%
* நைலான் - 4.5%
* பாலியெஸ்டர் - 0.4%

பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் மெதுவாகவே உலர்கிறது. ஈரமான பருத்தி தோலோடு ஒட்டி உராய்வைக் கூட்டுகிறது. ஈரம் நெடுநேரம் தங்கினால் தோல் ஊறி மென்மையாகும். கொப்புளமும் சேற்றுப்புண்ணும் வர வாய்ப்பு மிகும். பாலியெஸ்டர் இழை நீரை ஏறக்குறைய ஏற்பதே இல்லை. எனவே இழைகளுக்கு இடைப்பட்ட நுண்ணிய வெளிகளின் வழியே, நுண்புழை நுழைவு முறையில், வியர்வை வெளிப்பரப்புக்குக் கடத்தப்பட்டு ஆவியாகிறது. இதற்கென டியூபாண்ட் நிறுவனம் 1986 ஆம் ஆண்டில் கூல்மேக்ஸ் என்னும் பாலியெஸ்டர் இழையை அறிமுகப்படுத்தியது. இவ்விழையின் மேற்பரப்பில் நீளவாக்கில் பள்ளங்கள் உள்ளன.

கம்பளி அதிக ஈரத்தை ஏற்றாலும் அதனை இழையின் உட்பகுதியில் ஆவி நிலையில் வாங்கிக்கொள்வதால், தொடுவதற்கு எளிதில் ஈரமாகத் தோன்றுவதில்லை. குளிரில் வெப்பத்தைக் காப்பதும், பாலியெஸ்டரை விடக் குறைவாகத் துர்நாற்றம் பிடிப்பதும் இதன் நன்மைகள். விலை மிகுதியும், விரைவில் தேய்வதும் குறைகள். இதனால் கம்பளியோடு நைலான் கலந்து பின்னுவது வழக்கம்.

பின்னலும் பொருத்தமும்

காலுறை நழுவாமலும் மடியாமலும் இருக்க ஸ்பாண்டெக்ஸ் இழை சேர்க்கப்படுகிறது. இது 1958 ஆம் ஆண்டில் டியூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்சு என்னும் வேதியியலாளரால் உருவாக்கப்பட்டது. பின்னல் பொறியின் உருளையில் உள்ள ஊசிகளின் எண்ணிக்கையும் தரத்தைக் குறிக்கும் ஓர் அளவாகும். 144 ஊசிப் பின்னலை விட 168 அல்லது 200 ஊசிப் பின்னல் நெருக்கமானது. விரல் பகுதித் தையல் தட்டையாக இருந்தால் அழுத்தம் குறையும்.

இழையைவிடப் பின்னல் முறையும் முக்கியம் என்பதற்கு ஓட்டக்காரர்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் சான்றாகும். ஹெரிங், ரிச்சி ஆகிய இருவரும் 1990 இல் வெளியிட்ட முதல் ஆய்வில் 35 நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் பங்கேற்றனர். அடர்ந்த மெத்தைப் பின்னல் கொண்ட காலுறைகளில், பருத்தியைவிட அக்ரிலிக் இழையில் கொப்புளங்கள் குறைவாகவும் சிறியனவாகவும் இருந்தன. ஆனால் அவர்களே 1993 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சாதாரணப் பின்னல் கொண்ட காலுறைகளில் அக்ரிலிக்கிற்கு அத்தகைய மேன்மை காணப்படவில்லை. ஆகவே உறையின் மீது அச்சிடப்பட்ட இழையின் பெயரை மட்டும் கொண்டு ஒரு காலுறையின் பயனை முடிவு செய்ய இயலாது.

காற்றுத் தடை

விலை மிகுந்த சில காலுறைகள் காற்றுத் தடையைக் குறைப்பதற்காகவே விற்கப்படுகின்றன. கெண்டைக்கால் ஏறத்தாழ உருளை வடிவமானது. இதன் மீது செல்லும் காற்று பின்புறத்தில் பிரிந்து, தாழ்ந்த அழுத்தப் பகுதியை உண்டாக்கி, காலைப் பின்னோக்கி இழுக்கிறது. துணியில் வரிகளோ புடைப்புகளோ இருந்தால், மேற்பரப்பை ஒட்டிய காற்று சுழற்சி ஓட்டமாக மாறி இன்னும் சற்றுப் பின்னால் பிரிகிறது, இழுவை குறைகிறது. கோல்ஃப் பந்தின் குழிகளும் இம்முறையிலேயே பயன்படுகின்றன.

காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. இழுவைப் பரப்பு 0.3 சதுர மீட்டர், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம் எனக் கொண்டால், மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் இத்திறன் ஏறத்தாழ 350 வாட் ஆகும். 15 கி.மீ. வேகத்தில் அது 27 இல் ஒரு பங்காக, அதாவது 13 வாட்டாகக் குறைகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு காலுறை 45 கி.மீ. வேகத்தில் 6 வாட் மிச்சப்படுத்துவதாகக் கொள்வோம். 40 கி.மீ. தனிநபர் நேரப் பந்தயத்தில் இது ஏறத்தாழ 18 நொடிகளைத் தரும். சில நொடிகளில் முடிவாகும் பந்தயங்களில் இது பெரிய வேறுபாடு. அதே காலுறை 15 கி.மீ. வேகத்தில் கால் வாட்டுக்கும் குறைவாகவே மிச்சப்படுத்தும். உண்மையில் இதுவும் கிடைக்காமல் போகலாம். ஏனெனில் ரெனால்டு எண் குறையும்போது இத்தகைய மேற்பரப்பின் விளைவு மங்கிவிடும்.

உயரமும் விதியும்

காற்றுத் தடையைக் குறைக்கும் நோக்கில் காலுறைகள் நீண்டுகொண்டே சென்றதால், பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் அவற்றின் உயரத்திற்கு வரம்பு விதித்தது. கணுக்காலின் வெளிப்புற எலும்புப் புடைப்பின் நடுவுக்கும், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமுள்ள மெல்லிய எலும்பின் தலைப்பகுதி நடுவுக்கும் இடைப்பட்ட தொலைவில் பாதிக்கு மேல் காலுறை உயரக்கூடாது. 2019 ஆம் ஆண்டுப் போட்டிகளில் நடுவர்கள் இதனை அளவுகருவி கொண்டு சரிபார்க்கத் தொடங்கினர். பொழுதுபோக்காக ஓட்டுவோருக்கு இவ்விதி பொருந்தாது.

விலையும் பயனும்

ஐந்து மடங்கு விலையுள்ள காலுறை, உழைப்பில் மட்டும் ஈடுகட்ட வேண்டுமானால் ஐந்து மடங்கு காலம் நீடிக்க வேண்டும். மெல்லிய பின்னல் கொண்ட காலுறைகளில் இது அரிது. எனவே கூடுதல் விலையை வசதியின் அடிப்படையிலேயே எடைபோட வேண்டியுள்ளது:

* பள்ளி, அலுவலகம் போன்ற குறுகிய தொலைவுக்குச் சாதாரணக் காலுறையே போதுமானது.
* ஒரு மணி நேரத்திற்கு மேல் ஓட்டுவோர் பருத்தியைத் தவிர்த்து, மெல்லிய செயற்கையிழைக் காலுறை அணிவது நல்லது. அதில் மிதிவண்டி முத்திரை இருக்க வேண்டிய தேவையில்லை.
* நாள் முழுதும் ஓட்டுவோருக்கும் குளிர்ப்பகுதிகளில் ஓட்டுவோருக்கும் மெரினோ கலப்புக் காலுறை விலைக்கேற்ற பயன் தரக்கூடும்.
* காற்றுத் தடையைக் குறைக்கும் காலுறை, நேரத்தோடு போட்டியிடுவோருக்கு மட்டுமே பொருள் உள்ளது.

புதிய காலுறையைக் காலணியுடன் சேர்த்து அணிந்து பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். துவைக்கும்போது கொதிநீரையும் துணி மென்மையாக்கியையும் தவிர்த்தால் நெகிழ்ச்சியும் வியர்வை கடத்தும் தன்மையும் நீடிக்கும்.

நீரிழிவு நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களின் நிலை வேறானது. தடித்த தையலோ இறுக்கமான மேல்விளிம்போ அவர்களுக்கு வலி தெரியாமலே புண்ணை ஏற்படுத்தலாம். அவர்கள் விலையைக் கருதாமல் தையல் உறுத்தாத காலுறையைத் தேர்வதும், ஓட்டி முடித்தபின் பாதத்தைச் சோதிப்பதும் அவசியமாகும்.