கால் நரம்புப் புடைப்பும் இரத்தக் கட்டியும்

"கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது" என்று நமது தோட்டங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். கொழுந்து மலையில் இருபது, இருபத்தைந்து வருடம் நின்ற அம்மாமார் பலருக்கு முழங்காலுக்குக் கீழே நீல நிறத்தில் புழு நெளிவது போலத் தெரியும். உண்மையில் இது நரம்பு அல்ல. நரம்பு என்பது வலியையும் தொடுகையையும் மூளைக்கு அறிவிப்பது. இதுவோ இரத்தம் ஓடும் குழாய். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தைப் பார்த்தால் 'நாளம்' என்று போட்டிருக்கும். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நரம்பு என்று நினைப்பதால்தானே எண்ணெய் போட்டு உருவி விடுகிறோம்! உருவவே கூடாத கால் ஒன்று உண்டு. அதை உருவினால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவேதான் இம்முறை இதைப் பற்றி எழுதுகிறோம்.

மேட்டில் இருந்து பீலிக்குத் தண்ணீர் தானாக இறங்கி வரும். பள்ளத்தில் இருந்து மேலே ஏற்ற வேண்டுமென்றால் பம்ப் வேண்டும். காலுக்கும் அதே கதைதான். இருதயம் தள்ளுகிற இரத்தம் கால் வரை சுலபமாக இறங்கிவிடும். திரும்பி ஏறுவதற்கு உதவுவது கெண்டைக்கால் சதை. நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது அந்தச் சதை சுருங்கி, நாளத்தைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் கீழே விழாமல் இருக்க நாளத்துக்குள்ளே ஒரு பக்கம் மட்டும் திறக்கிற சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. இந்தக் கதவுகள் தளர்ந்து போனால் இரத்தம் கீழேயே தேங்கும். நாளம் புடைத்து முறுக்கிக்கொள்ளும்.

தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரக்கூடும். பிள்ளைத்தாய்ச்சிக் காலத்தில் கூடும். வயதும் உடற்பாரமும் கூடக் காரணமாகும். மணிக்கணக்காக நிற்கிற வேலையும் இதை மோசமாக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடந்து நடந்து வேலை செய்கிறவரை விட, அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறவருக்குத்தான் கெடுதி அதிகம், ஏனென்றால் அங்கே பம்ப் வேலை செய்வதில்லை. ஸ்டோரில் நிற்பவர்களும், கொழுந்து நிறுக்க வரிசையில் காத்து நிற்பவர்களும் குதிக்காலை உயர்த்தி இறக்கிக்கொண்டே இருக்கலாம். யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரமாவது படுத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைப்பது நல்லது. முழங்காலுக்குக் கீழே கயிறு மாதிரி ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுவது கூடாது.

புடைத்த நாளம் பெரும்பாலும் உயிரை எடுக்காது. ஆனால் வருடக்கணக்கில் விட்டால் கணுக்காலின் உட்பக்கத்துத் தோல் கறுத்து, அரித்து, புண்ணாகும். இந்தப் புண்ணுக்கு மஞ்சளும் பச்சிலையும் மட்டும் போட்டுப் பலன் இல்லை. கீழே இருந்து மேலாக முறைப்படி அழுத்திச் சுற்றுகிற பட்டிதான் முக்கிய வைத்தியம். அதை வைத்தியர் பரிசோதித்த பிறகே சுற்ற வேண்டும், ஏனென்றால் காலுக்கு இறங்கும் இரத்த ஓட்டமும் குறைந்தவருக்கு அழுத்துவது கெடுதல். புடைத்த நாளத்தில் மிலாறு கீறி இரத்தம் பீறிட்டால் பயப்படாமல் படுக்க வைத்து, காலை மேலே தூக்கி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நிற்க வைத்துக்கொண்டு கட்டுப்போட முயல வேண்டாம்.

இனி இரத்தக் கட்டிக்கு வருவோம். இரத்தம் உறைவது நல்ல விஷயம்தான். இல்லாவிட்டால் ஒரு சின்ன வெட்டுக்கே இரத்தமெல்லாம் போய்விடும். உறையாவிட்டால் எப்படி இருக்கும் என்று நம்மைப் போல அறிந்தவர் யார்? அட்டை கடித்த இடத்தில் அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் வடியும். அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறைய விடாத ஒரு பொருள் இருப்பதே காரணம். 1884 இல் ஹேக்ராஃப்ட் என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார்.

உறையக்கூடாத இடத்தில் உறைந்தால்தான் ஆபத்து. சதைக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற பெரிய நாளத்தில் இரத்தம் கட்டிபட்டால், பெரும்பாலும் ஒரு கால் மட்டும் வீங்கும். கெண்டைக்கால் அல்லது தொடை வலிக்கும், சூடாக இருக்கும், நிறம் மாறும். இரண்டு காலும் ஒன்றாக வீங்கினால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும்: இருதயம், சிறுநீரகம், இரத்தச்சோகை போன்றவை. அதையும் காட்டத்தான் வேண்டும். "யானைக்காலா இருக்குமோ?" என்று சிலர் பயப்படுவார்கள். அந்த நோய் நமது நாட்டில் மேற்கு, தெற்குக் கரையோரப் பகுதிகளில்தான் பரவியிருந்தது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கை அதைக் கட்டுப்படுத்தி விட்டதாக அறிவித்தது.

யாருக்குக் கட்டி வரும்? ஒப்பரேஷன் செய்து படுத்திருப்பவர், கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர், புற்றுநோயாளர், சில வகைக் கருத்தடை மாத்திரை குடிப்பவர், முன்பு ஒரு தடவை வந்தவர். எல்லாவற்றையும் விட நாம் சொல்ல விரும்புவது பிள்ளைத்தாய்ச்சிகளையும், பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாத தாய்மாரையும் பற்றித்தான். பிரசவத்தில் அதிகம் இரத்தம் போகாமல் இருக்க, அந்தக் காலத்தில் உடம்பே இரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டி வைக்கிறது. அதோடு "பச்ச ஒடம்பு, எந்திரிக்காத" என்று லயத்துக் காம்பராவிலே படுக்கப் போட்டு விடுகிறோம். ஒரு கால் வீங்கினால் பெரியவர்கள் அன்போடு எண்ணெய் காய்ச்சி உருவுகிறார்கள். உருவும்போது கட்டி கழன்று, இருதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். திடீர் மூச்சு வாங்கல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக் குத்து, இருமலில் இரத்தம், மயக்கம் இவை அதன் அடையாளம். கால் வீங்காமலே இப்படி வருவதும் உண்டு.

வேலை அலுப்புக்குக் கால் பிடித்து விடுவதில் பிழையில்லை. திடீரென வீங்கிய ஒற்றைக் காலை மட்டும் தொடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அரைப்பேர் போகுதே என்று மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் உடனே 1990 க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "பிள்ளை பெத்து இத்தனை நாள் ஆகுது" என்று வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பிரசவமான தாய், டொக்டர் வேண்டாமென்று சொல்லாவிட்டால், சீக்கிரமே எழுந்து காம்பராவுக்குள்ளே நடக்கலாம்.

ஆஸ்பத்திரியில் நோவில்லாத ஸ்கேன் மூலம் காலைப் பார்ப்பார்கள். கட்டி இருந்தால் இரத்தம் உறையாத ஊசியும் மாத்திரையும் கொடுப்பார்கள். குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டிவரும். பலருக்குக் கொடுப்பது வோபரின் மாத்திரை. இதன் கதை வேடிக்கையானது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் வடிந்து செத்தன. அந்தப் புல்லில் இருந்த பொருளைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக வந்த வோபரின், 1948 இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954 இல் மனிதருக்கும் மருந்தானது. "எலிப் பாஷாணத்தையா குடுக்கிறாங்க?" என்று பயந்து நிறுத்தி விடாதீர்கள்; அளவில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த அளவைச் சரிபார்க்கவே கிளினிக்கில் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். கடையில் வாங்கும் டிஸ்பிரின், நாட்டு மருந்துக் கசாயம் எதையும் கேட்காமல் சேர்க்க வேண்டாம். பல் ஈறில் இரத்தம், சிவந்த சிறுநீர், கறுத்த மலம் கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் போங்கள். வோபரின் குடிக்கும்போது பிள்ளை உண்டாகியிருக்கலாம் என்று தோன்றினால் உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும். அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்பதால் ஊசிக்கு மாற்றுவார்கள். பால் கொடுக்கும் தாய்க்குத் தடையில்லை.