கூடையும் சீட்டும்



மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள எங்கள் போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர் பெற்றது. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலம் இங்கும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடைபெறுகின்றது.

என் பழைய மாணவர் ஒருவர், தம் தந்தையின் தோட்டத்துக் காயை இணையத்தின் வழியே நேரே விற்க ஓர் ஏற்பாடு செய்தார். மலைச் சரிவில் நின்று கைப்பேசியில் சோதித்தபோது, ஒரு கிலோ கேட்ட இடத்தில் மூன்று கிலோ கூடையில் ஏறியிருந்தது. "காயைத் தொடாமலே எடை கூடியது எப்படி, ஐயா?" என்று என்னிடம் வினவினார். அதற்கு விடை காண்பதே இன்றைய பேச்சு.

கடைக்காரர் உள்ளே இருக்கிறார். நாம் வெளியே நின்று சீட்டு எழுதி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சீட்டை எப்படி எழுதவேண்டும், என்ன மறுமொழி வரும் என்னும் உடன்படிக்கையே ஏ.பி.ஐ. எனப்படுவது. சீட்டின் வினைச்சொற்கள் சிலவே. 'போஸ்ட்' என்றால் புதிய கூடை திறக்கும். கூடை எண்ணும், 201 என்ற குறியும் திரும்ப வரும். 'கெட்' என்றால் கூடையிலுள்ளதைக் காட்டும். 'புட்' அளவைக் குறிக்கும். 'டெலீட்' பொருளை நீக்கும். இல்லாத கூடையைக் கேட்டால் 404 என்னும் குறி வரும்.

இக்கடைக்காரர் முந்தைய சீட்டை நினைவில் வைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு சீட்டிலும் கூடை எண் இருத்தல் வேண்டும். இம்முறையை ராய் ஃபீல்டிங் என்பார் 2000-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் வகுத்துரைத்தார். மேலும், விலையை வாங்குவோர் எழுதலாகாது. கடைக்காரர் தம் ஏட்டைப் பார்த்தே கணக்கிடுதல் வேண்டும். இல்லையேல் எவரும் ஒரு ரூபாய் என்று எழுதிவிடுவர் அன்றோ?

இச்சீட்டுகளை நமக்காக எழுதி, அனுப்பி, மறுமொழியைப் பிரித்துச் சொல்லும் உதவியாளே 'கிளையண்ட் லைப்ரரி'. மறுமொழி வராவிடில் அது மீண்டும் அனுப்பும். இங்கேதான் தவறு நேர்ந்தது. மலையில் அலைத்தொடர்பு விட்டுவிட்டு வரும். சீட்டு போய்ச் சேர்ந்தது; மறுமொழிதான் வழியில் தொலைந்தது. உதவியாள் மேலும் இருமுறை அனுப்பினான். சீட்டிலோ "இன்னும் ஒரு கிலோ சேர்" என்றிருந்தது. ஆகவே மூன்றாயிற்று.

"கூடையில் ஒரு கிலோ இருக்கட்டும்" என்று 'புட்' வழியாக எழுதியிருந்தால், பத்து முறை போனாலும் ஒரு கிலோவே இருக்கும். ஆனால் இறுதியில் பொருளை வாங்கும் ஆணை 'போஸ்ட்' ஆகவே செல்லும். அதற்கு உதவியாள் ஒரு தனி எண்ணிட்டு, மறுமுறை அனுப்பும்போதும் அதே எண்ணையே இடவேண்டும். அவ்வெண்ணை முன்பே கண்ட கடைக்காரர், புதிய ஆணை பதியாமல் பழைய மறுமொழியையே தருவார். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய எண்ணிட்டால் இக்காவல் பயன்படாது.

அம்மாணவர் இவ்விரண்டையும் திருத்திக்கொண்டு மீண்டும் மலையேறினார். தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. கூடையிலோ ஒரு கிலோவே இருந்தது. கையிருப்பில் இல்லாத காயை எவருக்கும் விற்றதாகக் கணக்கு ஏறவில்லை. நீங்களும் நிரல் எழுதும்போது, "இச்சீட்டு இருமுறை போனால் என்னாகும்?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.