விழாத பால்பல்

விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதித்துக் கூரைமேல் எறிந்த நினைவு ஊரில் வளர்ந்த நம்மில் பலருக்கும் உண்டு. தாராவிக்கும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் குடிவந்த பின்னும், குழந்தைக்குப் பல் விழுந்தால் இல்லத்தில் மகிழ்ச்சிதான். விழ வேண்டிய பருவத்தில் விழாமலே நின்றால்?

பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. சிலருக்குத் தாமதம் இயல்பே. ஆயினும் பால்பற்கள் பல விழாமல் நிற்க, நிலைப்பற்கள் அவற்றின் பின்னே இரண்டாம் வரிசையாய் நெருங்கி முளைத்து, மோவாய் சிறுத்து, உயரம் குன்றி, விரல்கள் குட்டையாகி, சிறு வீழ்ச்சிக்கே எலும்பும் முறியுமாயின், இவை யாவும் ஒரே நோயின் அடையாளங்களாக இருக்கலாம். பிக்னோடைசாஸ்டோசிஸ் என்னும் இந்த அரிய பரம்பரை நோயை 1962-இல் மரோட்டோ, லாமி என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் விளக்கினர்.

நம் எலும்பு ஓயாது புதுப்பிக்கப்படுவது. பழைய எலும்பைக் கரைத்தெடுக்கக் கதெப்சின் கே என்னும் நொதி தேவை. அதற்குரிய மரபணுவின் பழுதே நோய்க்குக் காரணமென 1996-இல் தெளிவாயிற்று. ரயில்வேயில் கணக்கெழுதும் நமக்கு ஓர் உவமை தோன்றுகிறது. நைந்த சிலீப்பர் கட்டைகளை அகற்றாமல் புதியவற்றை அடுக்கிக்கொண்டே போனால் பாதை கனக்கும், உறுதி பெறாது. இவ்வெலும்பும் எக்ஸ்ரே படத்தில் அடர்த்தியாய்த் தோன்றும். ஆனால் எளிதில் முறியும்.

ஆகையால் இத்தகைய குழந்தைக்கு அவசரப்பட்டுப் பல் பிடுங்குதல் தகாது. தாடையெலும்பு ஆறாமல் சீழ்பிடிக்கலாம், முறியவும் கூடும். முன்பு எலும்பு முறிந்த செய்தியைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுதல் வேண்டும்.

பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் (1864–1901) இந்நோயுற்றவர் என்பது மருத்துவர் பலரின் கருத்து. 13, 14 வயதுகளில் அவருக்குத் தொடையெலும்புகள் அடுத்தடுத்து முறிந்தன. அவருடைய தாயும் தந்தையும் உடன்பிறந்த சகோதரியர் இருவரின் மக்கள். நம் வழக்கில் அது அண்ணன் தங்கை முறை, மணம் கூடாது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பதோ நமக்கு உரிமை. முறை வேறாயினும் இரத்தம் ஒன்றே. பெற்றோர் இருவரும் அதே பழுதைத் தாங்கியிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு.

ஐயமுள்ளோர் மும்பையிலுள்ள நாயர் பல் மருத்துவக் கல்லூரியை நாடலாம். பரேல் கே.ஈ.எம். மருத்துவமனை, 2021-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையின்படி அரிய நோய்களுக்கான சிறப்பு மையங்களுள் ஒன்றாகும்.

இந்நோயால் அறிவு குன்றுவதில்லை. குழந்தையையும் பழிக்க வேண்டாம். பெற்றவளையும் பழிக்க வேண்டாம். பல்லை எண்ணிப் பார்ப்போம். பெண் கேட்குமுன் குடும்ப நோயையும் கேட்டறிவோம்.